பழைய நேரம், புது நேரம்

வணக்கம் அண்ணா,

சிறுவயதில் மல்லாவியில் இருந்தபோது அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் உடைந்ததைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்ததாகவும் அப்போது இரவு ஏழரை மணி என்றும் எழுதியிருந்தீர்கள். இலங்கை நேரப்படி அது எட்டு மணி அல்லவா? அதைவிட, வன்னியில் அப்போது கரண்டே இல்லையே, எப்படிப் பார்த்தீர்கள்?

— ஒரு வாசகர், வவுனியா

அன்புள்ள தம்பி,

நேரத்தில் இரண்டு பேரும் சரி. 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மிச்சம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இதை ஏற்கவேயில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டினதும் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊருக்கு வருவோம். 2003 பெப்ரவரி 1, விண்ணோடம் உடைந்தபோது உங்கள் வீட்டில் எட்டு, எங்கள் வீட்டில் ஏழரை.

கரண்ட் இல்லைதான். போர்நிறுத்தம் வந்து 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் வவுனியாவிலிருந்து தொலைக்காட்சியும் டிஷ்ஷும் சின்ன ஜெனரேட்டரும் கொண்டுவந்தார்கள். பொழுதுபட்டால் இரண்டு மணித்தியாலம் ஓடும். எண்ணெய்க் காசு எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஆட்களுக்கு அது பெரிய வசதி.

'நேரடியாக' என்ற சொல்லில்தான் பிடிபட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அடுத்த நாள் செய்தியில்தான் பார்த்தோமாம். பின்னாளில் எங்கோ வாசித்த நேரத்தை வன்னி நேரமாக்கி என் ஞாபகத்தில் நானே ஒட்டியிருக்கிறேன். 16 நாட்களாக அப்படியொன்று மேலே சுற்றியதே எங்களுக்குத் தெரியாது. அது இறங்குவதை மல்லாவியில் யார் காத்திருந்து பார்ப்பது?

ஆனால் அம்மம்மா கேட்டது ஒட்டவைத்ததல்ல. நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது, இரண்டாகி, நாலாகிப் பிரிந்தது. அம்மம்மா கேட்டார்: "ஆர் விழுத்தினது?"

வானத்தில் ஒன்று எரிந்து விழுந்தால் யாரோ அடித்திருக்க வேண்டும். கிபிர் போர் விமானத்தின் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி வளர்ந்த எனக்கும் அதே நினைப்புத்தான். மாமா சொன்னார், "ஒருத்தரும் விழுத்தேல்லை. தானா உடைஞ்சது." அம்மம்மா விடவில்லை. "தானா உடையிறதிலை ஏன் ஆக்களை ஏத்தினவங்கள்?" இறந்த ஏழு பேரில் கல்பனா சாவ்லாவின் படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அம்மம்மா ஒன்றும் கேட்கவில்லை.

மாமாவின் பதில் பிழை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஏவி 82ஆவது விநாடியில், வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டிருக்கிறது. ஒரு கிலோ கூட இல்லாத துண்டு. பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரைப் பலகையை நாங்கள் ரெஜிபோம் என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிச் சாமான். திரும்பி வரும்போது அந்த ஓட்டைக்குள் கொதிக்கும் வாயு புகுந்தது. மோதியது மறுநாளே தெரியும். இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பொறியியலாளர்கள் சிலர் கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அம்மம்மாவின் கேள்வியைத்தான் விசாரணைக் குழுவும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டுரையில் 'நேரடியாக' என்பதை எடுத்துவிட்டேன். ஏழரையை மாற்றவில்லை. பக்கத்தில் 'வன்னி நேரம்' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.