1.5 மடங்கு வேகத்தில் ஒரு தீர்ப்பு

கேள்வி: விமர்சகர்களும் நண்பர்களும் தலையில் வைத்துக் கொண்டாடும் படங்கள் எனக்கு ஏனோ பிடிப்பதே இல்லை. ‘பதேர் பாஞ்சாலி’யை மொபைலில் 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டியும் பாதியைத் தாண்ட முடியவில்லை. ‘சிட்டிசன் கேன்’ அதைவிட மோசம். ‘உதிரிப்பூக்க’ளை ஏன் தூக்கிப்பிடிக்கிறார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. இதைச் சொன்னால் ரசனை கெட்டவன் என்கிறார்கள். உண்மையில் இந்தப் படங்கள் யாருக்குமே பிடிப்பதில்லை, பிடித்த மாதிரி எல்லோரும் நடிக்கிறார்கள் என்பது என் சந்தேகம். நீங்களாவது உண்மையைச் சொல்வீர்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கியவருக்குக் கொட்டாவி விடவும் உரிமை உண்டு. உங்களை ரசனை கெட்டவன் என்ற நண்பர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் சந்தேகத்தைப் பார்ப்போம். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஆரம்பித்து ‘யாருக்குமே பிடிக்கவில்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். முதலாவதற்கு நீங்கள் ஒருவரே சாட்சி, அது போதும். இரண்டாவதற்கு ஊரார் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்த சாட்சி வேண்டும். அப்படி ஒருவரை நீங்கள் கூட்டி வரவில்லை.

நடிப்பவர்களே கிடையாது என்று சாதிக்கமாட்டேன். திரைப்பட விழாக்களில் அரைத் தூக்கத்தில் சாய்ந்திருந்துவிட்டு, விளக்கு எரிந்ததும் முதல் ஆளாக எழுந்து கைதட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் கட்டுரையும் எழுதுவார்கள். அவற்றில் சில இந்த அலுவலகத்துக்கே வரும். ஆனால் பாசாங்கினால் ஒரு படத்தை எத்தனை நாள் தூக்கி நிறுத்த முடியும்? 1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’ 1958இல்தான் நியூயார்க்கில் தியேட்டருக்கு வந்தது. இவ்வளவு தளர்வான, இவ்வளவு மந்தமான படம் ஹாலிவுட் எடிட்டர்களிடம் அரைகுறைத் தொகுப்பாகத் தேறுவதே கஷ்டம் என்ற பொருளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி கிரௌதர் எழுதினார். போகிற போக்கில் சில நல்ல வார்த்தைகளும் சொன்னார் என்றாலும் அடி அடிதான். அந்த நகரத்தில் அதைவிடச் செல்வாக்கான விமர்சனப் பத்தி இல்லை. அடுத்தவர் தலையாட்டுவதைப் பார்த்துத் தலையாட்டுகிற கூட்டம் அன்று எந்தப் பக்கம் ஆட்டியிருக்க வேண்டும்? படம் அங்கே ஏறக்குறைய எட்டு மாதம் ஓடியது. அதை எடுத்த சத்யஜித் ராய் என்ற பெயரையே அதுவரை கேள்விப்பட்டிராதவர்கள் காசு கொடுத்து உள்ளே போனார்கள். யாரை ஏமாற்றுவதற்காக?

இப்போது அந்த 1.5.

நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டதால் பார்க்காமல் விட்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். பிழைப்புத் தேடி வெளியூர் போன ஹரிஹரர் நெடுநாள் கழித்துத் திரும்பி வருகிறார். புயல் வீட்டைச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது. மகள் துர்கா இறந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. வெளியூரில் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்போஜயாவிடம் காட்டுகிறார். அவள் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்காமல் அடுத்த பொருளை எடுக்கிறார், கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய புடவையை நீட்டுகிறார். அவள் அதை வாங்கிக்கொண்டு உடைந்துபோய் அழுகிறாள். அந்த அழுகுரல் நம் காதில் விழுவதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் வீறிடுகிறது.

நமக்குத் தெரிந்த செய்தி அவருக்குத் தெரியாமல் இருக்கும் அந்தச் சிறிது நேரம்தான் காட்சியே. அவர் எவ்வளவு நிதானமாகப் பொருள்களை எடுக்கிறாரோ அவ்வளவுக்கு நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 1.5 மடங்கு வேகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஆலாபனையை ஓட்டிவிட்டு ராகம் பிடிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம் இது. நீங்கள் பார்த்தது ராய் எடுத்த படத்தை அல்ல, உங்கள் கட்டைவிரல் எடிட் செய்த படத்தை. அது உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை, எனக்கும் பிடித்திருக்காது.

சரியான வேகத்தில், முழுப் படத்தையும் பார்த்த பிறகும் சலிப்பாகவே இருக்கலாம். அப்போது உங்களுக்குப் பெரிய இடத்துத் துணையே உண்டு. ‘சிட்டிசன் கேன்’ தனக்கு வெறும் சலிப்பு என்று 2002இல் ஒரு பேட்டியில் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன். ஆளை அசத்தும் பெயர்தான், ஆனால் இதில் அவரும் நீங்களும் ஒரே பெஞ்சு: தீர்ப்பு உண்டு, காரணம் போதாது. எனக்கு மதிப்பு வருவது அமெரிக்க விமர்சகர் ரோஜர் எபர்ட் செய்ததைப் பார்த்து. ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’ 1997இல் கான் திரைப்பட விழாவில் மிக உயரிய விருதை இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. தற்கொலை செய்துகொள்ளத் தீர்மானித்த ஒருவர், தன்னைப் புதைக்க ஆள் தேடி டெஹ்ரானின் புறநகரில் காரில் சுற்றிக்கொண்டே இருப்பார். எபர்ட் அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். இயக்குநர் என்ன செய்யப் பார்க்கிறார் என்பது தனக்குப் புரிகிறது, அதிரடிச் சம்பவங்களை எதிர்பார்த்து உட்காரவில்லை, ஆனால் இந்தப் பாணி இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை என்றார். அந்த மனிதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்தால்தானே அவர்மேல் இரக்கம் வரும் என்று கேட்டார். கடைசியில் படப்பிடிப்புக் குழுவையே திரையில் காட்டியதையும் அவர் ஏற்கவில்லை. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த விமர்சனத்தைப் படித்த பிறகு அதன் முடிவை முன்போல நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. பிடிக்காததைச் சொல்வதில் இப்படி ஒரு விதமும் இருக்கிறது.

இனி உங்கள் நண்பர்கள். அவர்கள் ஏதாவது ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களை அடித்திருப்பார்கள். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகின் தலைசிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கும். 1952இல் முதலிடம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அந்த முறை ‘சிட்டிசன் கேன்’ முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் அதுவே முதலிடம். 2012இல் ‘வெர்டிகோ’. 2022இல், ஒரு விதவை உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும் ‘ஜான் டீல்மன்’. அந்தப் படங்களில் யாரும் ஒரு காட்சியைக்கூட மாற்றவில்லை, ஓட்டுப் போட்டவர்கள்தான் மாறினார்கள். பட்டியல், எதைப் பார்க்கலாம் என்று கைகாட்டும். ரசனைக்கு அது சான்றிதழ் தராது. அடுத்த முறை அவர்கள் பட்டியலை நீட்டினால், அந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு கொலைத் திட்டம் முழுவதும், உயரத்துக்குப் பயப்படும் ஒருவர் மணிக்கூண்டின் படிகளில் கடைசிவரை ஏறி வரமாட்டார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் பத்துப் படி ஏறியிருந்தால் வில்லன் பாடு என்ன ஆவது? (1958இல் வந்த படம், ரகசியத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.) ஓட்டல் அறையின் பச்சை வெளிச்சத்தில், இறந்தவளின் உடையிலும் கொண்டையிலும் அந்தப் பெண் நடந்து வரும் காட்சியை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்வேன். மற்றதை ஹிட்ச்காக் ரசிகர்களே வைத்துக்கொள்ளட்டும்.

‘உதிரிப்பூக்க’ளுக்கு வருகிறேன். 1979இல் மகேந்திரன் எடுத்த அந்தப் படத்தைப் பற்றி எங்கள் அலுவலகத்திலேயே ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. கடைசியில் ஊரே திரண்டு, கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் இன்று என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் பேசிவிட்டு ஆற்றில் இறங்கி மூழ்குகிறான். எங்கள் உதவி ஆசிரியர் ஒருவருக்கு அந்த வசனம் ஆகாது. கரையில் நிற்கும் முகங்களே அதைச் சொல்லிவிட்டன, படம் முழுக்க வாயை அடக்கிய இயக்குநர் அங்கே ஏன் விளக்கவுரை எழுத வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வசனம் இல்லையென்றால் ஊர்க்காரர்கள் நியாயம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாமும் அவர்கள் பின்னாலேயே போய்விடுவோம் என்பது என் வாதம். இன்னும் தீரவில்லை. ஆனால் நான் அவரை ரசனை கெட்டவர் என்றதில்லை. அவரும் என்னை நடிக்கிறேன் என்றதில்லை.

உங்களுக்கு அதே படம் ஏன் பிடிக்கவில்லை என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘சிட்டிசன் கேன்’ ‘பதேர் பாஞ்சாலி’யைவிட மோசம் என்கிறீர்கள். எதில் மோசம்? ஒருவன் வாழ்க்கையை ஐந்து பேர் வாயால் கேட்பது குழப்பியதா, கதாநாயகன் கேன் மேல் ஒட்டுதலே வரவில்லையா, அல்லது அங்கேயும் கட்டைவிரல் வேலை செய்ததா? மூன்றில் ஏதாவது ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்சியில் உங்களுக்கு விட்டுப்போயிற்று என்று எழுதுங்கள். நறுக்கென்று இருந்தால் அடுத்த இதழில் ஒரு பக்கம் தருகிறேன், உதவி ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோரும் நடிக்கிறார்கள் என்று ஒரு வரி அதில் இருந்தால் அதை மட்டும் அடித்துவிடுவேன்.