கலிஃபோர்னியாவில் முதலாளி சம்பளம் தராமல் ஏமாற்றினால் மாநில அரசு என்ன செய்யும்?

செய்த வேலைக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணத்தை முதலாளி தராமல் பிடித்துக்கொள்வதுதான் ஊதியத் திருட்டு. ஓவர்டைம் பணத்தை விழுங்குவது, டிப்ஸில் பங்கு எடுப்பது, 'வெளியேறும் நேரத்தைப் பதிந்துவிட்டு வந்து தரையைத் துடை' என்பது, எல்லாம் இதில் அடங்கும்.

அரசு ஏன் தலையிட வேண்டும்? நூறு டாலருக்காக யாரும் வக்கீல் வைத்து வழக்காட மாட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. அதனால் அங்கே தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால் பொதுவாக அன்றே கணக்குத் தீர்க்க வேண்டும். வேண்டுமென்றே இழுத்தடித்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம், 30 நாள் வரை, அபராதமாகத் தொழிலாளிக்கே சேரும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இழுத்தடிப்பதில் லாபமே இல்லாமல் போகிறதே!

கல்லாவில் கைவைத்த ஊழியர்மீது திருட்டு வழக்கு வரும் இல்லையா? 2022 முதல் அதே நியாயம் முதலாளிக்கும். ஒரு தொழிலாளிக்குச் சேர வேண்டியதில், 12 மாதத்துக்குள் 950 டாலருக்கு மேல் வேண்டுமென்றே பிடித்துக்கொண்டால் அது பெருந்திருட்டுக் குற்றம்.

விசா இல்லாதவர் புகார் தர முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு; குடியேற்ற நிலை எதுவானாலும் உழைத்த கூலியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.