முதல் பிரசவம் சிசேரியன், ரெண்டாவது நார்மலா ட்ரை பண்ணலாமா?

கேள்வி: மொதக் கொழந்த தல திரும்பலன்னு சிசேரியன் பண்ணிட்டாங்க டாக்டர், அவனுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சு. இப்ப ஆறாம் மாசம். ரெண்டாவதாவது நார்மலா பெத்துக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா வலி எடுத்தா பழைய தையல் பிரிஞ்சிடும்னு மாமியார் வேணாம்ங்கிறாங்க. என்ன பண்றது?

பதில்: நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்களுக்கு நல்ல சான்ஸ் இருக்கும்மா. ஆனா சரின்னு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பேப்பர் வேணும், மொத ஆபரேஷனோட டிஸ்சார்ஜ் சம்மரி. நம்ம பக்கம் தலப்பிரசவம் அம்மா வீட்டுல நடக்கும், ரெண்டாவது பல பேருக்கு புருஷன் ஊர்ல, அதனால அந்தப் பேப்பர் அம்மா வீட்டு பீரோலயே கெடக்கும், கெடைக்கலன்னா அந்த ஆஸ்பத்திரியிலயே காப்பி கேட்டு வாங்குங்க. ஏன் இவ்ளோ சொல்றேன்னா, வெளிய தெரியுற தழும்பு குறுக்கால இருந்தாலும் உள்ள கர்ப்பப்பைய எப்படி கிழிச்சாங்கன்னு அத வச்சு சொல்ல முடியாது, கீழ்ப்பாகத்துல குறுக்கால கிழிச்சிருந்தா (பெரும்பாலும் இதான், எல்.எஸ்.சி.எஸ்.னு எழுதியிருக்கும்) ட்ரை பண்ணலாம், மேல்பாகத்துல நெட்டுக்குத்தா கிழிச்சிருந்தா கண்டிப்பா வேணாம், அந்தத் தையல் வலியத் தாங்காது. 1916-ல எட்வின் க்ராகின்ங்கிற அமெரிக்க டாக்டர் ஒரு தடவ சிசேரியன்னா எப்பவுமே சிசேரியன்தான்னு எழுதினாரு, அந்தக் காலத்துல நெட்டுக்குத்தாதான் கிழிப்பாங்க. கிழிக்கிற முறை மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தப் பேச்சு மட்டும் இன்னும் நம்ம வீடுங்கள்ல ஓடிட்டிருக்கு.

உங்க மாமியார் பயம் வெறும் பயம் இல்ல. தானா வலி வந்து ட்ரை பண்றவங்கள்ல சுமாரா 200 பேர்ல ஒருத்தருக்கு தையல் விடும், விட்டா தாய்க்கும் கொழந்தைக்கும் நிமிஷக் கணக்குல ஆபத்து. மீதி 199 பேருக்கு அப்படி ஆகறதில்லங்கிறதையும் அவங்ககிட்ட சொல்லுங்க. ட்ரை பண்றவங்கள்ல 100-க்கு 70, 75 பேருக்கு நார்மலாவே ஆகுது, மத்தவங்களுக்கு நடுவுல சிசேரியன் பண்ண வேண்டி வரும், வலி எடுத்தப்புறம் அவசரமா பண்றது நாள் குறிச்சு பண்றத விட கொஞ்சம் சிரமம்தான், ரத்தப்போக்கு, இன்ஃபெக்ஷன் ரெண்டும் கூட வரலாம். உங்களுக்கு கொழந்த திரும்பாததுதான் காரணம், அது இந்தத் தடவையும் அப்படியே இருக்கணும்னு இல்ல, கொழந்த எறங்காம நின்னு போயி சிசேரியன் ஆனவங்கள விட உங்களுக்கு வாய்ப்பு கூட. மூணு வருஷ இடைவெளியும் நல்லது, ரெண்டு பிரசவத்துக்கும் நடுவுல ஒன்றரை வருஷம்கூட இல்லன்னாதான் நான் தயங்குவேன். சுகர் இருந்து கொழந்த வெயிட் 4 கிலோகிட்ட போனா வாய்ப்பு கொறையும், அத அப்பப் பாத்துக்கலாம். ஸ்கேன்ல நஞ்சுக்கொடி பழைய தையல் மேல ஒட்டியிருக்கான்னு மட்டும் தவறாம கேளுங்க, தையல் இருக்குற எடத்தோட கனம் இத்தன மில்லிமீட்டர்னு வர்ற நம்பர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

இத விடப் பெரிய கேள்வி எங்க பெத்துக்கறதுங்கிறதுதான். நீங்க பாக்குற இடத்துல வெக்கப்படாம கேளுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க டாக்டர் உள்ளயே இருப்பாரா இல்ல போன் பண்ணி வெளியிலிருந்து வரணுமா, ரத்தம் அங்கயே இருக்கா, வலி எடுத்ததுலேர்ந்து கொழந்த இதயத்துடிப்ப விடாம மெஷின்ல பாப்பாங்களான்னு. தையல் விடப்போகுதுன்னா பல நேரம் மொத அறிகுறியே அந்தத் துடிப்புலதான் தெரியும், வலி அப்புறம்தான். சின்ன நர்சிங் ஹோம் எவ்ளோ அன்பா கவனிச்சாலும் இதெல்லாம் இல்லன்னா இந்த ஒரு விஷயத்துக்கு அது சரிப்படாது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில இருக்குற சீமாங் சென்டர்ல (பிரசவத்துக்கும் பச்சக் கொழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம்) 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க, அங்க பாருங்க.

தேதி தாண்டியும் வலி வரலன்னா வலி வர வைக்க மருந்து குடுக்கறதுல தையல் விடுற ரிஸ்க் ரெண்டு மூணு மடங்கு கூடும், அதனால அப்ப டாக்டரோட உக்காந்து மறுபடி பேசணும், அப்படி வலி வர வைக்கக் குடுக்குற மிசோப்ரோஸ்டால் மாத்திரை மட்டும் பழைய சிசேரியன் இருக்குறவங்களுக்குக் கூடவே கூடாது. வீட்டுல யாராவது விளக்கெண்ணெய் குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க, தயவுசெஞ்சு.

ரெண்டோட நிறுத்திக்கலாம், சிசேரியன்னா குடும்பக் கட்டுப்பாடும் சேத்து முடிஞ்சிடும்னு நிறைய பேர் அதுக்காகவே ஆபரேஷன் கேக்குறாங்க. நார்மல் ஆனாலும் ரெண்டு மூணு நாளுக்குள்ள தொப்புளுக்குக் கீழ சின்னதா கிழிச்சு அத பண்ணிக்கலாம். மூணாவதும் வேணும்னு நெனச்சா இப்ப நார்மல் ஆகறது இன்னும் முக்கியம், ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த தடவ நஞ்சுக்கொடி தையலுக்குள்ள ஊடுருவிப் பிடிச்சுக்கிற ஆபத்து ஏறிட்டே போகும். இவ்ளோ கேட்டப்புறமும் மனசு ஒப்பலன்னா 39 வாரம் முடிஞ்சு நாள் குறிச்சு சிசேரியன் பண்ணிக்கறதும் சரியான முடிவுதான், அதுல ஒரு குத்தமும் இல்ல.

நார்மல்னு முடிவு பண்ணிட்டா வலி ஆரம்பிச்சதும் வீட்டுல பொறுத்துப் பாக்காதீங்க, தண்ணி ஒடஞ்சாலும் ரத்தம் பட்டாலும் அப்படித்தான், சாப்பிடாம ஒடனே கெளம்புங்க. வண்டி இல்லன்னா 108-க்கு போன் பண்ணி மொத வார்த்தையே பழைய சிசேரியன்னு சொல்லுங்க, அந்த டிஸ்சார்ஜ் சம்மரி காப்பிய இப்பவே பைல போட்டு வையுங்க.