விறைத்து விழும் குட்டிகள்: ஊசியை நிறுத்துங்கள், கிடாவைப் பாருங்கள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய பொலிகிடாவுக்குப் பிறந்த வெள்ளாட்டுக் குட்டிகளில் மூன்று, நாய் குரைத்தாலே கால் விறைத்துச் சாய்கின்றன. பதினைந்து நொடியில் தாமாக எழுந்து மேய்கின்றன. வயது இரண்டு மாதம். மருந்துக் கடைக்காரர் சொன்னபடி இரண்டு வாரமாகக் கால்சியமும் பி காம்ப்ளெக்ஸும் ஊசி போட்டும் பலனில்லை. இது வலிப்பா? மற்ற ஆடுகளுக்குத் தொற்றுமா? வேறு என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: தொற்றாது. விழுந்து கிடக்கும்போதும் குட்டிக்கு நினைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வலிப்பும் இல்லை. அண்மையில் காயடித்தோ காதுத் தோடு குத்தியோ இருந்தால் மட்டும், ரணஜன்னி (டெட்டனஸ்) இல்லையென்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ரணஜன்னி விறைப்பு நொடிகளில் விடாது. நாளுக்கு நாள் ஏறும், தாடை இறுகும்.

நீங்கள் சொல்வது பிறவித் தசை விறைப்புக்கு, அதாவது மயோடோனியாவுக்கு, அப்படியே பொருந்துகிறது. கோளாறு மூளையில் இல்லை, தசையிழையின் உறையில் இருக்கிறது. சுருங்கிய தசை தளர்வதற்கு அந்த உறையிலுள்ள குளோரைடு வாய்க்கால்கள் திறந்திருக்க வேண்டும். இப்படி விறைத்து விழும் அமெரிக்காவின் டென்னசி ஆடுகளில் இந்த வாய்க்காலுக்கான சிஎல்சிஎன்1 மரபணுவில் பிழை இருப்பது 1996இல் தெரியவந்தது. வாய்க்கால் புரதத்தின் 885ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் வந்துவிட, உரிய மின்னழுத்தத்தில் வாய்க்கால் திறப்பதில்லை. நரம்பின் கட்டளை நின்ற பின்பும் தசை தானே துடித்து இறுகுகிறது. கால்சியம் ஊசி இதைச் சரிசெய்யாது. அதை நாளத்தில் வேகமாக ஏற்றினால் இதயமே நிற்கலாம். ஆட்டைத் தொட்டுப் பார்க்காமல் பாட்டிலை எடுத்துக் கொடுப்பவரிடம் இனி வைத்தியம் கேட்காதீர்கள்.

மருந்தைக் கேட்டீர்கள், கிடாவைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். டென்னசி வகைக் கோளாறில் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். அப்படிப்பட்ட கிடாவின் குட்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு அது போகும். அதன் மகளையே அதனோடு சேர்த்தால் இரண்டு பிரதியும் பழுதான குட்டி பிறக்கலாம். அதற்கு விறைப்பு இன்னும் கடுமையாக இருக்கும். கிடாவிடம் அறிகுறி லேசாக இருந்தால் வாங்கும்போது தெரியாது. நடக்க நடக்க இந்த விறைப்பு தளர்ந்துவிடும் என்பதால், சந்தைக்கு நடத்திக் கொண்டுவந்த கிடாவைப் பார்த்து விலை பேசுவது வீண். ஒரு மணி நேரமாவது அசையாமல் கட்டிவைத்து, பின்னால் நின்று தகரத்தைத் தட்டுங்கள். முதல் நாலைந்து அடியில் பின்னங்கால் மரக்கட்டைபோல் நகர்கிறதா என்று கவனியுங்கள். தொடைத் தசையை விரல் முட்டியால் தட்டினால் குழி விழுந்து சில நொடி நிற்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் கிடா வேண்டாம்.

உங்கள் கிடாவை இன்றே பட்டியிலிருந்து பிரியுங்கள். விறைக்கும் ஆண் குட்டிகளைக் காயடித்து இறைச்சிக்கு வளர்க்கலாம். விறைக்கும் பெட்டைகளை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் காட்டாவிட்டால் விறைப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பார்த்தது, பட்டியில் செய்யக் கூடாது. கிடாவைப் பிரித்த பிறகும் ஐந்து மாதம் வரை பிறக்கும் குட்டிகள் அதனுடையவையாக இருக்கலாம். அவற்றின் காதில் தனி நிறத் தோடு போட்டு, தகப்பன் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.