வாசகர் கேள்வி: கலஹாரியின் சிறிய வில்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள கலஹாரி பாலைவனத்துச் சான் பழங்குடி மக்கள் ஒட்டகச்சிவிங்கியைக்கூட அம்பெய்து வீழ்த்துவார்கள் என்று படித்தேன். அவ்வளவு வலிமையான வில்லா அது?
— வாசகர் ஒருவர், சிவகாசி

வில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிறுவர் விளையாட்டுச் சாமான் என்றே நினைப்பீர்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நாண், விலங்கின் தசைநாரைத் திரித்துச் செய்தது. நாணல் போன்ற தண்டில் செய்யும் அம்புக்கு இறகு கட்டுவதில்லை என்பதால், 20, 25 மீட்டருக்கு அப்பால் அதன் குறியை நம்ப முடியாது. வீழ்த்துவது வில் அன்று, நஞ்சு. கிளுவை இனத்தைச் சேர்ந்த சில செடிகளின் இலையைத் தின்று வளரும் ஒருவகை வண்டின் புழுக்கள், செடியின் அடியில் மண்ணுக்குள் கூடு கட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைத் தோண்டியெடுத்து, பிழிந்த சாற்றை அம்பில் பூசுகிறார்கள். கூர்முனையில் பூசாமல் அதற்குப் பின்னுள்ள தண்டில்தான் பூசுவார்கள்; தவறித் தன் விரலைக் கீறிக்கொண்டால் மாற்று மருந்து கிடையாது என்பது வேடனுக்குத் தெரியும். இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும் இந்த நஞ்சு, வயிற்றுக்குள் போனால் கேடு செய்வதில்லை. அதனால், காயத்தைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எறிந்துவிட்டு மற்ற இறைச்சியை அச்சமின்றி உண்கிறார்கள்.

அம்பு பட்ட பிறகும் இரை கைநழுவிப் போவதுண்டா?
— வாசகி ஒருவர், தேனி

உண்டு. உண்மையில் வேடனின் பெரிய துன்பம் அம்பு பட்ட பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பும் சோதனைகளுக்குக் குறைவில்லை: ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியில், முள்ளும் சுடுமணலும் முழங்கையைக் கிழிக்க, மணிக்கணக்கில் ஊர்ந்து நெருங்கிய வேளையில் காற்று ஒருமுறை திசை மாறினால் போதும், கூடூ மான் தலையை நிமிர்த்தி மோப்பம் பிடித்து ஓடிவிடும். அன்றைய உழைப்பு அத்தோடு சரி.

அம்பு தைத்தாலும் விலங்கு உடனே விழுவதில்லை. சிறு மானுக்குச் சில மணி நேரம், பெரிய விலங்குக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒட்டகச்சிவிங்கி சில நாள்கள்கூட நடந்துகொண்டிருக்கும். எனவே வேடன் துரத்துவதில்லை. கீழே விழுந்து கிடக்கும் அம்புத் தண்டைத் தேடி எடுப்பான். விலங்கு மரத்தில் உரசினாலும் முனை மட்டும் உடலுக்குள் தங்கிவிடும்படி அம்பைத் துண்டு துண்டாக இணைத்துச் செய்திருப்பார்கள். குளம்படியை மனத்தில் பதித்துக்கொண்டு ஊர் திரும்பி, மறுநாள் விடியலில் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு அந்தத் தடத்தைத் தேடிச் செல்வான். தடம் மந்தையின் தடங்களோடு கலந்துபோகலாம், இரவுக் காற்று மணலை மூடியிருக்கலாம். எல்லாம் சரியாக அமைந்து போய்ச் சேர்ந்தால், சிங்கமோ கழுதைப்புலியோ முந்திக்கொண்டிருக்கலாம். வானில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள் வழியும் காட்டும், இரை பறிபோன செய்தியையும் சொல்லும்.

மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, 1964இல் போட்ஸ்வானாவில் சான் மக்கள் வாழும் டோபே என்னும் இடத்தில் நான்கு வார காலம் கணக்கெடுத்தார். வேட்டைக்குச் சென்ற ஆள்நாள்கள் 78. கிடைத்த விலங்குகள் 18. அதாவது, நான்கு முறை புறப்பட்டால் ஏறக்குறைய மூன்று முறை வெறுங்கை.

இத்தனை ஏமாற்றத்தையும் அவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்?
— அதே வாசகி

முதற்காரணம், வேட்டை பொய்த்தாலும் அடுப்பு அணைவதில்லை. டோபே மக்களின் உணவில் பெரும்பகுதி, பெண்கள் சேகரித்து வந்த மொங்கோங்கோக் கொட்டையும் கிழங்குகளும்தான். வேடனின் வீரக்கதைகளில் இந்தக் கொட்டைக்கு இடம் கிடைக்காதது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படும்.

மற்றது, வெற்றியையும் தோல்வியையும் அவர்கள் தனி ஒருவன் தலையில் ஏற்றுவதில்லை. இறைச்சியைப் பங்கிடும் உரிமை, எய்தவனுக்கன்றி அம்புக்கு உரியவருக்கே உண்டு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதால், வேட்டைக்கே போகாத முதியவரோ ஒரு பெண்ணோ அந்த உரிமையைப் பெறலாம். கொழுத்த விலங்கை வீழ்த்தியவனும் ஊருக்குள் அமைதியாக வந்து அமர்ந்து, கேட்டால் மட்டும், ‘ஏதோ சின்னதாக ஒன்று’ என்பான். மற்றவர்களும் சுமக்கப் போகும்போது, ‘இந்த எலும்புக்கூட்டுக்காகவா எங்களை இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய்?’ என்ற பாணியில் ஏளனம் செய்வார்கள். தொடர்ந்து வெற்றி பெற்றவன் சில வாரங்கள் வில்லைத் தொடாமல் ஒதுங்கியிருப்பதும் உண்டு. வென்றவனுக்கு இவ்வளவு கடிவாளம் போடும் ஊரில், வெறுங்கையோடு வருபவன் தலைகுனிய வேண்டியதில்லை.

இன்றும் இந்த வேட்டைக்கு அனுமதி உள்ளதா?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. போட்ஸ்வானாவில், மத்தியக் கலஹாரி வனவிலங்குக் காப்பகத்துச் சான் மக்களுக்கு வேட்டை உரிமம் மறுத்தது சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2014இல் அரசு கொண்டுவந்த வேட்டைத் தடை, தனியார் வேட்டைப் பண்ணைகளுக்கு விலக்களித்துவிட்டு வில்லேந்தியவர்களைக் கட்டிப்போட்டது. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019இல் அத்தடை நீக்கப்பட்டது. நமீபியாவில் 1998இல் அமைந்த நையே நையே சமூகப் பாதுகாப்புப் பகுதியிலோ, ஜுஹோன்ஸி என்னும் சான் பிரிவினர் மரபு ஆயுதங்களைக் கொண்டு வேட்டையாடும் உரிமையோடு வாழ்கிறார்கள். அங்கு அம்பு முனைக்கு இப்போது எலும்பைத் தேடுவதில்லை. வேலிக் கம்பியைத் தட்டிக் கூராக்கிக்கொள்கிறார்கள். நஞ்சு மட்டும் அதே புழுவிலிருந்துதான்.