ஹெட்லைட் கேள்வி பதில்: பல்பை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

கார் ஹெட்லைட்டை வீட்டிலேயே மாற்றுவது, மேம்படுத்துவது பற்றிய கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன். வண்டிகளின் மின்வேலை என் தொழில். என்ஜின், கியர்பாக்ஸ் பற்றிக் கேட்பவர்கள் அதற்குரியவர்களிடம் கேளுங்கள். கேள்வியோடு வண்டியின் பெயரையும் பல்பின் வகையையும் எழுதுங்கள். பல்பின் அடிப்பாகத்து உலோகத்தில் வகை பொறித்திருக்கும்.

ஈரோடு, வேகன் ஆர், எச்4: ஐயா, வண்டிக்கு வயதாகிவிட்டது. இரவில் சாலையே தெரிவதில்லை. புதுப் பல்பு போட்டும் அதே கதைதான். 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

போடாதீர்கள். உங்கள் வண்டியின் வயரும் ஹோல்டரும் 60/55 வாட்டுக்கு, அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 என்று செய்தவை. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏற்ப ஏறுவதால், ஏறக்குறைய மூன்று பங்காகிவிடும். முதலில் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சும் கருகும். அதன்பின் எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வராது.

புதுப் பல்பும் மங்கலாக எரிகிறது என்றால் அதற்குப் போதிய வோல்ட் போய்ச்சேரவில்லை என்று பொருள். ஹாலஜன் பல்பு இந்த விஷயத்தில் மிகவும் நுட்பமானது. வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 16 சதவீதம் குறையும். 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டிகளில் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் அருகில் இருக்கும் சுவிட்ச் வரை போய், அங்கிருந்து முன்பக்கம் திரும்பி வருகிறது. வழியெல்லாம் மெல்லிய வயர், களிம்பேறிய இணைப்பு, துருப்பிடித்த எர்த்.

இதை நீங்களே அளந்துவிடலாம். என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வையுங்கள். கறுப்பு முனையை, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, ஹோல்டரின் பின்புறம் மின்சாரம் வரும் வயரின் உலோகத்தில் தொடுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்துபோன வோல்ட். அதேபோல் ஹோல்டரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பல்புக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ரிலே வயரிங் போடுங்கள். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு விடும் சுவிட்ச். பல்பைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். சுமை இல்லாத வயர் எப்போதும் முழு வோல்ட்டையே காட்டும்.

காரைக்குடி: ரிலே வயரிங்கை நானே போட முடியுமா அண்ணா?

சாலிடரிங் தெரிந்தவரென்றால் தாராளமாகப் போடலாம். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு வரும். 87இலிருந்து பல்புக்குப் போகும். பழைய ஹோல்டருக்கு வரும் மின்சாரம் 86இல்; 85 எர்த்துக்கு. பழைய சுவிட்ச் இனி ரிலேயை இயக்கினால் போதும் என்பதால் அதன் ஆயுளும் கூடும்.

ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். கடையில் விற்கும் சில ரெடிமேட் வயரிங்கில் ஃபியூஸ் நடுவழியில் தொங்குகிறது. அதற்கு முன்னால் உள்ள வயர் உரசி பாடியில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை, தீப்பிடிக்கும். இன்னொன்று: சில ஜப்பானிய வழி வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதாவது ஹோல்டரின் பொது முனையில் எப்போதும் பாசிட்டிவ் வரும். சாதாரண வயரிங் அந்த வண்டிகளுக்குச் சேராது. வாங்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நாகர்கோவில்: ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடக்கூடாது என்பது உண்மையா?

உண்மை. விரலின் எண்ணெயும் உப்பும் ஒட்டிய இடம் அதிகம் சூடாகி, குவார்ட்ஸ் கண்ணாடி பலவீனமாகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்தபின் மாட்டுங்கள்.

தஞ்சாவூர்: ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசை தேய்த்தேன். இரண்டு மாதத்தில் திரும்பவும் மஞ்சள்.

அது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலிலிருந்து காக்க அதன்மேல் ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு கெட்டுப்போவதுதான் மஞ்சளுக்குக் காரணம். பற்பசை மிச்சமிருந்த பூச்சையும் எடுத்துவிடுகிறது. முறையான வழி: பெயிண்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பரில் 800, 1500, 2000 என்று படிப்படியாக, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்க வேண்டும். பால் போன்ற மஞ்சள் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அது வெள்ளையாகும் வரை முதல் தாளை விடாதீர்கள். பிறகு பாலிஷ். அதன்பின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பற்பசைக் கதைதான். சுற்றியுள்ள பெயிண்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

ஓசூர், எச்4: எல்.இ.டி. பல்பு போட்டு ஒரு வருடமாகிறது. பகல் போல வெளிச்சம். உங்களைப் போன்றவர்கள் ஏன் எதிர்க்கிறீர்கள் என்று புரியவில்லை.

எல்.இ.டி.யை நான் எதிர்க்கவில்லை. கம்பெனியிலேயே எல்.இ.டி.க்காக வடிவமைத்து வரும் ஹெட்லைட் அருமையானது. ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் அதைச் செருகுவதைத்தான் எதிர்க்கிறேன்.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். டிம் இழையின் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் படவைக்கிறது. அங்கிருந்து வெளிச்சம் தரையை நோக்கி இறங்கும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அந்தக் கிண்ணம்தான். இழை மில்லிமீட்டர் கூட விலகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். எல்.இ.டி. பல்பில் சுற்றிலும் ஒளிரும் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கமும் தட்டையான சில்லுகள். ஒளி பிறக்கும் இடமும் அளவும் திசையும் மாறிவிடுகின்றன. ரிஃப்ளெக்டர் என்ன செய்யும்? வந்ததை வந்தபடி சிதறடிக்கும்.

"பகல் போல" என்கிறீர்கள். வண்டிக்கு முன்னால் உள்ள 15, 20 மீட்டர் தரைதான் பகல் போல இருக்கிறது. அந்தப் பிரகாசத்தில் உங்கள் கண்மணி சுருங்கிவிடுவதால், 80 மீட்டரில் நிற்கும் மாடு முன்பைவிடக் குறைவாகவே தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. உங்களுக்குப் பயன்படுவது தூரத்து வெளிச்சம்.

மீண்டும் ஓசூர்: எனக்கு யாரும் டிப்பர் அடித்து, அதாவது ஹெட்லைட்டை மின்னவிட்டுக் காட்டியதில்லை. கூசினால் காட்டமாட்டார்களா?

நாமக்கல், லாரி ஓட்டுநர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். அந்தத் தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். கிருஷ்ணகிரி வழியாக இரவு லோடு கொண்டுபோகிறேன். லாரியில் இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த வெள்ளை லைட் கண்ணைக் குத்துகிறது. நாங்கள் டிப்பர் அடிப்பதை விட்டுவிட்டோம். எல்லா வண்டிக்கும் அடித்துக்கொண்டிருந்தால் எப்போது ஓட்டுவது? நடுவில் அரளிச் செடி இருக்கும் இடத்தில் பிழைத்தோம். செடி இல்லாத இருவழிச் சாலையில் ஓரத்தில் நடப்பவன் கண்ணுக்கே தெரியவில்லை.

ஓசூர் வாசகர் இதற்கு மேல் என்ன சான்று கேட்கிறார்? அண்ணன் சொன்ன அந்த நடந்துபோகிறவருக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

மூன்றாம் முறை ஓசூர்: ஓட்டுநர் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஜெர்மனியிலேயே மாற்று எல்.இ.டி. பல்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அங்கே சரி, இங்கே தவறா?

நல்ல கேள்வி. 2020இல் ஜெர்மனி ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 மாற்று எல்.இ.டி.க்கு அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் அனுமதி பல்புக்கு மட்டும் கிடைக்கவில்லை. எந்த வண்டியின் எந்த ஹெட்லைட்டுக்குள் அதைப் போடலாம் என்று பட்டியலே இருக்கிறது. அந்தப் பல்பை அந்த ஹெட்லைட்டில் வைத்துச் சோதித்து, ஒளி விழும் விதம் விதிக்குள் அடங்கிய பிறகே வண்டி பட்டியலில் ஏறும். பட்டியலில் இல்லாத வண்டியில் போட்டால் அங்கேயும் சட்டவிரோதம். "எல்லா எச்4 வண்டிக்கும் பொருந்தும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜெர்மனியை மேற்கோள் காட்டினால் அந்தச் சோதனையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இங்கே சட்டம் என்ன? மத்திய மோட்டார் வாகன விதி 106: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச்செய்யக் கூடாது. டிம் போட்டுவிட்டு 8 மீட்டர் தள்ளிப்போய், சற்றுக் குனிந்து, உங்கள் வண்டியை நீங்களே பாருங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

திருச்சி: எல்.இ.டி. பல்பில் எந்த பிராண்ட் நல்லது?

மேலே படியுங்கள்.

மதுரை: 6000 கெல்வினா, 8000 கெல்வினா? எதில் வெளிச்சம் அதிகம்?

கெல்வின் நிறத்தைச் சொல்கிறது. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். ஹாலஜன் சுமார் 3200. 6000க்கு மேலே போகப் போக நீலம். நீலச் சாயம் பூசிய ஹாலஜன் பல்பு தன் வெளிச்சத்தில் ஒரு பங்கைச் சாயத்துக்கே கொடுத்துவிடுகிறது. மழையில் நனைந்த தார்ச்சாலையில் அதை நம்பி ஓட்டாதீர்கள்.

வேலூர்: எல்.இ.டி. போட்டு, கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கூசாதல்லவா?

கூசும். நடுவிலிருந்து நேராக வரும் ஒளியை மறைக்க எச்4 பல்பின் நுனியிலேயே கறுப்புப் பூச்சு உண்டு. கண்ணைக் குத்துவது ரிஃப்ளெக்டர் முழுவதிலிருந்தும் சிதறி வருவது. வட்ட ஸ்டிக்கர் அதில் எதைத் தடுக்கும்? எல்.இ.டி. பற்றி இனி வரும் கேள்விகளுக்கு ஓசூர்க்காரருக்குச் சொன்னதே பதில்.

கோவை: வால்பாறை மலைப்பாதையில் பனிமூட்டம். மஞ்சள் லைட் உதவுமா?

நிறத்தைவிட இடம் முக்கியம். பம்பருக்குக் கீழே, அகலமாக, தட்டையாக ஒளி வீசும் ஃபாக் லைட் உதவும். மூட்டத்தில் பிரைட் போட்டால் எதிரே வெள்ளைத் திரைதான். பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது, பிறகு கைவிட்டார்கள். டிம் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

பாளையங்கோட்டை, 66 வயது: எதிர் வண்டி கடந்துபோன பிறகு சில நொடிகள் ஒன்றுமே தெரிவதில்லை. ஹெட்லைட்டை மாற்றினால் சரியாகுமா?

ஐயா, முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் நன்றாகத் துடையுங்கள். அங்கே படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் எதிர் ஒளியைப் பரப்பிவிடும். பரிசோதனை முடியும்வரை இரவில் ஓட்ட வேண்டாம்.

திண்டுக்கல்: பல்பு மாற்றிய பிறகு ஹெட்லைட்டின் உயரத்தை எப்படிச் சரிபார்ப்பது?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். பல்பைத் தொட்டாலும் பம்பரைக் கழற்றினாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

சமதளமான தரையும் அதற்கெதிரே ஒரு சுவரும் வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்காரட்டும், டாஷ்போர்டில் ஹெட்லைட் உயரச் சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரு பல்புகளின் மையத்தையும் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள். நேராகப் பின்னால் 10 மீட்டர் போங்கள். டிம் போட்டு, ஒரு விளக்கின் முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோடு, மையக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு இப்படி இருந்தால், அந்தக் கோடு 75 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். விளக்கின் பின்புறத் திருகைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

கோடு இடப்பக்கம் மட்டும் சரிவாக மேலே ஏறும். கோளாறு என்று நினைத்து அதைத் தாழ்த்திவிடாதீர்கள். நாம் இடப்புறம் ஓட்டுவதால், சாலையோரத்து ஆளும் பலகையும் தெரிவதற்காக வைத்த ஏற்றம் அது. குடும்பமும் சாமான்களும் ஏறிப் பின்பக்கம் தாழும்போது சக்கரத்தை 1, 2 என்று திருப்பி ஒளியை இறக்குங்கள். பலர் அந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை.

சென்னை: மழைக்குப் பின் ஹெட்லைட்டுக்குள் ஆவி படிகிறது.

லேசான ஆவி, சிறிது நேரம் எரிந்ததும் போய்விட்டால் கவலையில்லை. அடியில் தண்ணீர் தேங்கினால் விரிசலோ, பின்னால் ரப்பர் மூடி சரியாக மாட்டாததோ காரணம். எல்.இ.டி. விசிறிக்காக மூடியை வெட்டியிருந்தால் புது மூடி வாங்குங்கள்.

சிவகங்கை: வலப்பக்கப் பல்பு மட்டும் அடிக்கடி போகிறது.

அந்தப் பக்கத்து ஹோல்டர் தளர்ந்திருக்கிறதா, விளக்கு அதிர்கிறதா பாருங்கள். இரு பக்கமும் போனால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். வோல்ட் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

திருநெல்வேலி: கிளட்ச் ஓடும்போது வழுக்குகிறது...

மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இராமநாதபுரம்: அண்ணன் துபாயிலிருந்து என் மாடலுக்கே உரிய எல்.இ.டி. ஹெட்லைட் செட் கொண்டுவந்திருக்கிறார். கம்பெனி உருப்படி, பல்பு மட்டும் அல்ல, முழு விளக்கு. இதிலும் ஏதாவது சிக்கலா?

ஆமாம். துபாயில் வலப்புறம் ஓட்டுகிறார்கள். அங்கத்திய விளக்கில், திண்டுக்கல் வாசகருக்குச் சொன்ன அந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். இங்கே மாட்டினால் அது எதிரே வருபவரின் முகத்துக்கு நேராக ஏறும். திருகைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. முழுவதும் தாழ்த்தினால் உங்களுக்குச் சாலை தெரியாது. இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா போல இடப்புறம் ஓட்டும் நாட்டுக்குச் செய்ததா என்று பாருங்கள். விளக்கின் மேல் பொறித்துள்ள குறிகளுக்கு நடுவே வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது இடப்புறம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்புக்குறியே இல்லாவிட்டால் மாட்ட வேண்டாம். அண்ணன் திரும்பப் போகும்போது கடையிலேயே கொடுத்து மாற்றிவரச் சொல்லுங்கள்.