ஒரே பெயர், இரண்டு ருசி: கெவூர்ஸ்ட்ராமினர் வாங்கும் முன்

கேள்வி (பாரிஸ் வாசகர்): அண்ணா, மச்சான் வீட்டு விருந்தில் கிழக்கு பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் செய்த கெவூர்ஸ்ட்ராமினர் ஒயின் ஒன்று குடித்தேன். ரோஜா வாசனையும் லிச்சிப் பழ வாசனையுமாக சொக்கிப் போய்விட்டேன். அடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட்டில் அதே பெயர் போட்ட பாட்டிலை வாங்கினால் இனிப்பே இல்லை, விழுங்கிய பிறகு லேசாகக் கசக்கிறது. முதலில் குடித்தது பாகு மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை தம்பி. கெவூர்ஸ்ட்ராமினர் என்பது திராட்சையின் பெயர். பச்சரிசி வாங்கி ஒரு வீட்டில் வெண்பொங்கல் வைப்பார்கள், இன்னொரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள், இரண்டுக்கும் பச்சரிசி என்றே பெயர் ஒட்டி விற்றால் எப்படி இருக்கும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது. இந்தத் திராட்சை பழுத்தால் சர்க்கரை ஏகத்துக்கு ஏறும். ஈஸ்ட் அத்தனையையும் தின்று முடிக்கும்வரை புளிக்கவிட்டால் இனிப்பில்லாத, ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டிய ஒயின் வரும். நடுவில் நிறுத்தினால் சர்க்கரை மிஞ்சும். எங்கே நிறுத்துவது என்பது செய்கிறவர் விருப்பம்.

இதில் பெரிய வம்பு என்னவென்றால், மூக்கு நம்மை ஏய்க்கும். பன்னீர் வாசனை வந்தாலே நமக்கு ரோஸ்மில்க் ஞாபகம், நாக்கு இனிப்புக்குத் தயாராகிவிடும். அதனால் மோந்து பார்த்து இது இனிப்பா இல்லையா என்று சொல்லவே முடியாது, லேபிளைத்தான் படிக்க வேண்டும். நல்ல வேளையாக 2021 அறுவடையிலிருந்து அல்சாஸில் ஒரு விதி வந்தது: சாதாரண வெள்ளை ஒயின் பாட்டில்களில் இனிப்பு அளவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 'செக்' என்றால் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குள் (புளிப்பு அதிகமுள்ள ஒயினுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு), 'டெமி-செக்' என்றால் 12 கிராம் வரை, 'முவாலே' 12 முதல் 45 வரை, அதற்கும் மேல் போனால் 'டூ'. லிட்டருக்கு 40 கிராம் என்றால் ஒரு 750 மில்லி பாட்டிலில் 30 கிராம், அதாவது ஏழெட்டு டீஸ்பூன் சீனி. மச்சான் வீட்டில் நீங்கள் குடித்தது அநேகமாக அந்த ரகம்.

2021க்கு முந்தைய பாட்டில் என்றால் செய்தவர் பெயரைப் பார்க்க வேண்டியதுதான். ரிபோவில்லே ஊரின் ட்ரிம்பாக் குடும்பம் 1626 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது, இனிப்புக் குறைந்த பாணிக்குப் பேர் போனவர்கள். ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட் என்ற இன்னொரு தயாரிப்பாளர் கொழுகொழுவென்ற பாணி, ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு எவ்வளவு இனிப்பு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். 'வான்டான்ஜ் தார்தீவ்' என்று எழுதியிருந்தால் தாமதமாகப் பறித்த பழம், பெரும்பாலும் நல்ல இனிப்பு. 'செலெக்சியோன் த க்ரென் நோப்ல்' அதற்கும் மேலே, பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழத்தைப் பொறுக்கி எடுத்துச் செய்வது, இனிப்புப் பண்டத்துக்குப் பதிலாகவே குடிக்கலாம். இந்த இரண்டு பெயருக்கும் 1984லிருந்து சட்டம் இருக்கிறது, கண்டவர்கள் போட்டுக்கொள்ள முடியாது.

கசப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெள்ளை ஒயின் என்று சொல்கிறோமே தவிர, பழத்தின் தோல் இளஞ்சிவப்பு. அந்தத் தோலிலிருந்து வருவதுதான் அந்தக் கசப்பு, சர்க்கரை இருந்தால் அது மறைந்துகொள்ளும். உங்கள் கையில் இருப்பதைக் குளிர வைத்து ஏதாவது கொழுப்பான சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள், தனியாகக் குடித்தபோது தெரிந்த கசப்பு தெரியாது.

கேள்வி: இவ்வளவு வாசனை இயற்கையாக வருமா? ரோஸ் எசன்ஸ் கலக்கிறார்கள் என்று அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: நண்பரிடம் பந்தயம் கட்டுங்கள், சாப்பாட்டுச் செலவு மிச்சம். எசன்ஸ் கலந்தால் அல்சாஸ் பெயரில் விற்கவே முடியாது. ரோஜாவில் இருக்கும் ரோஸ் ஆக்ஸைடு என்ற மணப்பொருள் லிச்சிப் பழத்திலும் இருக்கிறது, இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிச்சியையும் இந்த ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலசி, மணம் தரும் பொருட்கள் பலவும் இரண்டுக்கும் பொது என்று காட்டினார்கள்.

'கெவூர்ஸ்' என்றால் ஜெர்மனில் மசாலாப் பொருள். பின்பாதி, இத்தாலியின் வடக்கே ஜெர்மன் பேசும் தென் டிரோல் பகுதியின் டிராமின் என்ற ஊரிலிருந்து வந்தது. டிராமினர் என்ற பழைய திராட்சையில் இயற்கையாக ஏற்பட்ட மாற்றத்தால் மணம் கூடி வந்த வகை இது. பெயரில் மசாலா இருக்கிறதே என்று கிராம்பு, பட்டை எதிர்பார்த்து வாங்காதீர்கள், முதலில் மூக்கில் ஏறுவது பன்னீர்தான், இஞ்சி நெடி பின்னால் வரும். டிராமின் ஊர்க்காரர்கள் செய்வது பெரும்பாலும் இனிப்பில்லாத ரகம், அதனால் இனிப்பு வேண்டாம் என்பவர்கள் அந்தப் பக்கத்துப் பாட்டிலைத் தேடலாம்.

கேள்வி (லண்டன் வாசகி): எந்த ஒயின் புத்தகத்தைப் புரட்டினாலும் "இந்திய உணவா, கெவூர்ஸ்ட்ராமினர்" என்று எழுதியிருக்கிறது. ஆட்டுக்கறி வறுவலோடு வைத்தேன், வாய் பற்றி எரிந்தது. என் காரமா, ஒயினின் குற்றமா?

பதில்: புத்தகத்தின் குற்றம். அந்த வரியை எழுதியவர் மனதில் இருந்தது க்ரீம் ஊற்றிய உணவகக் குருமாவாக இருக்கும், நம் வீட்டு மிளகாய்த்தூளை அவர் பார்த்திருக்க மாட்டார். மிளகாய் வாயில் எந்த நரம்பைச் சுடுகிறதோ, அதே நரம்பை ஆல்கஹாலும் சீண்டும். 14 சதவீத ஒயினைக் காரத்தின் மேல் ஊற்றுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவது போலத்தான். அதிலும் இனிப்பில்லாத ரகம் என்றால் கசப்பும் தலை தூக்கும்.

புளிக்குழம்புக்கும் இது சரிவராது, காரணம் வேறு. இந்தத் திராட்சையில் புளிப்பு இயல்பாகவே குறைவு. புளி ஏறிய சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒயின் சப்பென்று போய்விடும், மீன்குழம்போடு நானே வைத்துப் பார்த்து நல்ல பாட்டில் ஒன்றை வீணாக்கியிருக்கிறேன்.

பொருந்துவது எது என்றால், தேங்காய்ப்பால் சாப்பாடு. சொதி, காரம் அடக்கிய கோழிக் குருமா, முந்திரி அரைத்துவிட்ட வெள்ளைக் குருமா. டெமி-செக் ஒன்றை நன்றாகக் குளிர வைத்து இடியாப்பம், சொதியோடு குடித்துப் பாருங்கள், இஞ்சி மணமும் தேங்காய்ப்பாலும் ஒன்றாகக் கலந்துகொள்ளும். அல்சாஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், மன்ஸ்டர் என்ற, ஊரையே கூட்டும் நாற்றமுள்ள சீஸோடு சீரகம் போன்ற ஒரு விதையைத் தூவிச் சாப்பிட்டுக்கொண்டு இதைக் குடிப்பார்கள். நம் ஊர் கருவாடு சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு அந்த சீஸ் ஒன்றும் பயமில்லை. காரமான வறுவல்தான் வேண்டும் என்றால் இதை விட்டுவிட்டு, ஆல்கஹால் 8, 9 சதவீதம் மட்டுமே உள்ள, கொஞ்சம் இனிப்பான ஜெர்மன் ரீஸ்லிங் (வேறொரு திராட்சையின் வெள்ளை ஒயின்) வாங்குங்கள்.

கேள்வி: 9 யூரோவுக்கும் கிடைக்கிறது, 'கிரான் க்ரூ' என்று போட்டு 25 யூரோவுக்கும் கிடைக்கிறது. கூடுதல் காசு தகுமா?

பதில்: முதல் பாட்டில் என்றால் தகாது. கிரான் க்ரூ என்பது நிலத்துக்குக் கொடுத்த பட்டம். அல்சாஸில் அப்படி 51 மலைச்சரிவுகள் இருக்கின்றன. இந்தத் திராட்சைக்கு ஹெங்ஸ்ட், கோல்டெர்ட், ஃப்யுர்ஸ்டென்டும் போன்ற இடங்களுக்கு நல்ல பேர். வாசனை ஆழமாக இருக்கும், வாயில் வெகு நேரம் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பட்டத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை, 25 யூரோ கொடுத்துவிட்டு "ஐயோ, இனிப்பாக இருக்கிறதே" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 10, 12 யூரோவில் நல்ல ஆளிடம் செக் ஒன்று, முவாலே ஒன்று வாங்கி, எது உங்கள் வாய்க்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள். ரொம்ப மலிவாகவும் தேடாதீர்கள். இந்தக் கொடி சீக்கிரமே துளிர்விடும், வசந்தகால உறைபனியில் மாட்டும், விளைச்சலும் குறைவு, அடிமாட்டு விலைக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.

கேள்வி: பாட்டில் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி மின்னுகிறது. நிறமும் வெளிர் மஞ்சள் இல்லை, பொன் நிறம். கெட்டுப்போன சரக்கா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கண்ணாடி இல்லை. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் இருக்கிறது. குளிரில் அது பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிகிறது. கேக் செய்பவர்கள் 'க்ரீம் ஆஃப் டார்டார்' என்று வாங்குவது இதையேதான். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள், புளிக்கும். பாட்டிலை ஆட்டாமல் நிறுத்தி வைத்து மெதுவாக ஊற்றினால் போதும். பொன் நிறமும் இந்த வகைக்கு இயல்பு, தோல் நிறத்தால் சிலவற்றில் லேசான செம்புச் சாயல்கூட இருக்கும்.

திருப்பிக் கொடுக்க வேண்டியது எப்போது என்றால், ரோஜாவுக்குப் பதில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால். அது கார்க்கில் வரும் கோளாறு. அரை கிளாஸ் ஊற்றியதுமே தெரிந்துவிடும், மீதியைக் கொட்டாமல் மூடி ரசீதோடு எடுத்துப் போங்கள், நல்ல கடைக்காரர் வாதாட மாட்டார். முக்கால் பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டுப் போனால் அவர் சிரிப்பார்.

கேள்வி: தள்ளுபடியில் பழைய வருடத்துப் பாட்டில்கள் கிடைக்கின்றன. ஒயின் பழசானால் நல்லதுதானே?

பதில்: இந்த ஒயினில் பெரும்பாலும் இல்லை. புளிப்பு குறைவென்று சொன்னேன் அல்லவா, நாள்பட நிற்க வைப்பதில் புளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண ரகத்தை மூன்று, நாலு வருடத்துக்குள் குடித்துவிடுவது உத்தமம். பில் போடும் இடத்துக்குப் பக்கத்துக் கூடையிலிருந்து ஒன்பது வருடப் பாட்டில் ஒன்றைப் பாதி விலைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அப்புறம் பட்டவன் நான். அது எத்தனை மாதம் கடை ஜன்னல் வெயிலில் நின்றதோ தெரியாது. திறந்து மோந்தால், கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மண்டபத்துக்குள் போனது போல, பன்னீர் தெளித்த அடையாளம் மட்டும் இருந்தது. தாமதமாகப் பறித்த இனிப்பு ரகங்களும் நல்ல கிரான் க்ரூவும் பத்து வருடம், அதற்கு மேலும் தாங்கும், அதுவும் இருட்டில் குளிர்ச்சியாக இருந்திருந்தால். எப்படி வைத்திருந்தார்கள் என்று கடைக்காரர் சொல்லமாட்டார் என்றால் தள்ளுபடியை அவருக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. இந்த வாசனையை மட்டும் அனுபவிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கலிபோர்னியாவின் ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் நவாரோ என்ற தோட்டம் இதே திராட்சையைப் புளிக்கவிடாமல் பழச்சாறாகவே பாட்டிலில் அடைத்து விற்கிறது. அமெரிக்காவில் இருந்தால் வாங்கிப் பாருங்கள், சர்க்கரை நோய் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு மூன்று பாட்டில் கொண்டு போகலாமா?

பதில்: இந்தியாவுக்கு வரியில்லாமல் ஓர் ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது வைத்தால் 2.25 ஆகிவிடும், வரி கட்டவேண்டி வரும். இரண்டோடு நிறுத்துங்கள். அல்சாஸ் பாட்டில் சட்டப்படியே ஒல்லியாக, உயரமாக இருக்கும், சின்னப் பெட்டியில் நேராகப் படுக்காது, வாங்குவதற்கு முன்னால் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். மாமாவிடம் வெயில்படும் ஷோகேஸில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.